காசு போட்டால் ஆட்டம் – 5: அட்டாரி பெற்றெடுத்த எதிரி

1973 செப்டம்பரில் கலிஃபோர்னியாவில் கீ கேம்ஸ் என்றொரு நிறுவனம் முளைத்தது. காசு போட்டு ஆடும் வீடியோ கேம் இயந்திரங்கள் செய்வதுதான் தொழில். தலைவர் ஜோ கீனன். பொறியாளர் ஸ்டீவ் பிரிஸ்டோ, அதே தொழிலில் இருந்த அட்டாரி நிறுவனத்திலிருந்து வெளியேறி வந்தவர். அட்டாரியின் ஆட்களையே இழுத்துக்கொண்டு அட்டாரியோடு மோத ஒருவர் கிளம்பிவிட்டார் என்று தொழில் வட்டாரம் நம்பியது. அட்டாரியும் அந்த நம்பிக்கையைக் கலைக்கவில்லை.

கலைக்காததற்குக் காரணம் இருந்தது. கீ கேம்ஸ் அட்டாரியின் சொந்தப் பிள்ளை. அட்டாரியை நிறுவிய நோலன் புஷ்னெலின் பக்கத்து வீட்டுக்காரர்தான் கீனன். அவருடைய பெயரின் முதல் அசையே நிறுவனத்தின் பெயரானது. பிரிஸ்டோவும் கோபித்துக்கொண்டு போனவர் அல்ல, அனுப்பி வைக்கப்பட்டவர்.

இந்த நாடகம் எதற்கு? அன்றைய அமெரிக்காவில் ஆர்கேட் இயந்திரங்கள் விற்பனையான விதத்தைத் தெரிந்துகொண்டால்தான் அது விளங்கும். தயாரிப்பாளர் இயந்திரத்தை விநியோகஸ்தருக்கு விற்பார். அவரிடம் வாங்கும் ஆபரேட்டர் அதை மதுக்கடையிலோ உணவகத்திலோ கொண்டுபோய் வைப்பார். பெட்டியில் சேரும் காசை ஆபரேட்டரும் கடைக்காரரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். பின்பால் காலத்து ஏற்பாடு இது. இதில் ஒரு முடிச்சு உண்டு. ஒவ்வொரு வட்டாரத்திலும் போட்டி விநியோகஸ்தர்கள் இருந்தார்கள். தனக்குக் கொடுத்த சரக்கை எதிராளிக்குக் கொடுக்கக் கூடாது என்பது ஒவ்வொருவரின் நிபந்தனை. எவ்வளவு நல்ல ஆட்டத்தைச் செய்தாலும் ஊரில் ஒருவருக்குத்தான் கொடுக்க முடியும்.

1972 இறுதியில் வந்த அதன் சொந்த ஆட்டமான பாங் அட்டாரிக்கு இதன் விலையை உணர்த்தியது. பாங் கிடைக்காத விநியோகஸ்தர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. அதைப் பார்த்து மற்றவர்கள் செய்த நகல்களை வாங்கினார்கள். ஃபுளோரிடாவின் அலைட் லெஷர் நிறுவனம் வெளியிட்ட பேடில் பேட்டில் அவற்றில் பெரிதாக ஓடியது. யாரோ நகலெடுக்கத்தான் போகிறார்கள் என்றால், அந்த நகலையும் நாமே விற்றால் என்ன என்பது புஷ்னெலின் கணக்கு. அட்டாரியின் ரீபவுண்ட், கீ கேம்ஸில் ஸ்பைக் ஆனது. கிரான் ட்ராக் என்ற கார்ப் பந்தயம் ஃபார்முலா கே ஆனது. விநியோகஸ்தர்களைப் பொறுத்தவரை இது ஏமாற்று வேலைதான். ஆனால் சந்தையைப் பாதியாக வெட்டிய அந்த நிபந்தனையும் நியாயமானதல்ல.

1974 அட்டாரிக்குச் சோதனையான ஆண்டு. கிரான் ட்ராக் 10 ஸ்டீயரிங், பெடல், கியர் எல்லாம் வைத்த அருமையான இயந்திரம். அதைச் செய்ய 1,095 டாலர் செலவானது. விற்றதோ 995 டாலருக்கு! விற்க விற்க நஷ்டம். ஜப்பானில் தொடங்கிய கிளையையும் நடத்த முடியவில்லை. அதை மசாயா நகமுராவின் நிறுவனத்துக்கு விற்றார்கள். பின்னாளில் பேக்-மேன் தந்த நாம்கோ அதுதான்.

அந்தச் செப்டம்பரில் கீ கேம்ஸ் வெளிப்படையாகவே அட்டாரியோடு இணைந்தது. 'எதிரி' கீனன் அட்டாரியின் தலைவரானார். அதற்குள் கீ கேம்ஸில் ஒரு சொந்தச் சரக்கு தயாராகியிருந்தது. அதன் பெயர் டேங்க்.

புஷ்னெலின் முதல் ஆட்டமான கம்ப்யூட்டர் ஸ்பேஸில் ராக்கெட்டை ஓட்டிப் பழகுவதற்குள் பலருக்குப் பொறுமை போய்விட்டது. மெதுவாக நகரும் பீரங்கி வண்டி என்றால் யாருக்கும் புரியும் என்று பிரிஸ்டோ நினைத்தார். லைல் ரெய்ன்ஸ் அதை முழு ஆட்டமாக வளர்த்தெடுத்தார். திரையில் சுவர்களும், நடுவே கண்ணிவெடிகளும். இருவர் எதிரெதிராக மோத வேண்டும். ஆளுக்கு இரண்டு ஜாய்ஸ்டிக். இரண்டையும் முன்னால் தள்ளினால் வண்டி முன்னேறும், ஒன்றை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் தள்ளினால் திரும்பும். படங்களை ரோம் சிப்பில் பதித்து வைத்ததால், பாங்கின் கட்டைகளுக்குப் பதிலாக, பார்த்ததும் பீரங்கி வண்டி என்று சொல்லக்கூடிய உருவம் திரையில் ஓடியது.

1974 நவம்பரில் வெளிவந்த டேங்க் 10,000-க்கும் மேல் விற்றது. எல்லா விநியோகஸ்தர்களும் அதைக் கேட்டு வந்து நின்றார்கள். தனி உரிமைப் பேச்சு எடுபடாமல் போனது. தள்ளாடிக்கொண்டிருந்த அட்டாரி நிமிர்ந்தது. 1976-இல் வார்னர் கம்யூனிகேஷன்ஸ் அட்டாரியை 28 மில்லியன் டாலருக்கு வாங்கியது. அடுத்த ஆண்டு வந்த அட்டாரியின் வீட்டு வீடியோ கேம் பெட்டியோடு இலவசமாகத் தரப்பட்ட காம்பாட் கேட்ரிஜ், டேங்கின் வழித்தோன்றல்.

அட்டாரி என்றால் புஷ்னெல், பாங் என்றால் அதை வடிவமைத்த ஆலன் ஆல்கார்ன் என்று உலகம் நினைவில் வைத்திருக்கிறது. 1974-இல் அட்டாரி மூழ்காமல் காத்தது பிரிஸ்டோவும் ரெய்ன்ஸும் செய்த ஆட்டம். அவர்களுடைய பெயர்களும் அதே வரிசையில் சொல்லப்பட வேண்டியவை. அதே ரெய்ன்ஸ்தான் 1979-இல் எட் லாக்குடன் சேர்ந்து ஆஸ்டிராய்ட்ஸை உருவாக்கினார்.

(தொடரும்)