பயிரைப் படம் பிடிக்க ஏற்ற சிறு காமிரா
தேர்ந்தெடுக்கும் முறையும், படத்தைச் சீர் செய்யும் முறையும்

மிளகாய்ச் செடியில் இலை மேல்நோக்கிச் சுருண்டிருந்தால் அது இலைப்பேனின் வேலை. கீழ்நோக்கிச் சுருண்டிருந்தால் முரணைச் சிலந்தியின் வேலை. இலைப்பேனுக்கு அடிக்கும் மருந்துகளில் பல சிலந்தியைக் கட்டுப்படுத்துவதில்லை. செயற்கைப் பைரித்திராய்டு வகை மருந்துகளைத் தொடர்ந்து அடித்தால் சிலந்தி பெருகவும் கூடும். ஆகவே, இலை எந்தப் பக்கம் சுருண்டிருக்கிறது என்ற ஒரே ஒரு விவரத்தில் மருந்துச் செலவும், ஆள் கூலியும், சில சமயம் முழு மகசூலும் அடங்கியிருக்கின்றன.

இன்று உழவர் பெருமக்கள் பலர் பாதிக்கப்பட்ட செடியைப் படம் பிடித்து அனுப்பி, "என்ன மருந்து அடிக்கலாம்?" என்று கேட்கிறார்கள். இது மிக நல்ல வழக்கம். ஆனால் வந்து சேரும் படங்களில் பலவற்றைக் கொண்டு எந்த முடிவுக்கும் வர இயலுவதில்லை. செடியை நேர் மேலிருந்து எடுத்திருப்பார்கள்; சுருள் எந்தப் பக்கம் என்று தெரியாது. வரப்பு தெளிவாக இருக்கும்; இலை மங்கியிருக்கும். பூச்சி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி மட்டும் இருக்கும். நல்ல காமிரா எது, அதை எப்படிப் பயன்படுத்துவது, எடுத்த படத்தை எந்த அளவுக்குச் சீர் செய்யலாம் என்பவற்றை இங்கு பார்ப்போம்.

செல்போன் போதுமா, காமிரா வேண்டுமா?

ஒரு தனி விவசாயிக்கு, கையில் உள்ள செல்போனே பெரும்பாலான வேலைகளுக்குப் போதும். இதற்கென்று கடன் வாங்கிக் காமிரா வாங்க வேண்டியதில்லை. ஆனால் உழவர் உற்பத்தியாளர் குழுக்கள், விதை உற்பத்தி செய்வோர், நாற்றங்கால் நடத்துவோர், விளைபொருளை நேரடியாக விற்பவர்கள் ஆகியோருக்கு ஒரு நல்ல சிறு காமிரா உபயோகமாக இருக்கும். 20 பேர் சேர்ந்த குழுவுக்கு ஒரு காமிரா இருந்தால், பருவத்துக்குப் பருவம் பூச்சி நோய்களைப் பதிவு செய்து வைக்கலாம். விளைபொருளின் தரத்தையும் வெளியூர் வியாபாரிக்குக் காட்டலாம்.

காமிராவில் கவனிக்க வேண்டியவை

1. நெருங்கி எடுக்கும் தூரம். பயிர்ப் படத்துக்கு இதுவே முதல் தகுதி. லென்சுக்கும் இலைக்கும் இடையில் எத்தனை செ.மீ. இருந்தால் படம் தெளிவாக விழும் என்று கேளுங்கள். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ஜூம் செய்தால் இந்தத் தூரம் கூடிவிடும். உதாரணமாக, 2012-ல் வெளிவந்த சோனி ஆர்.எக்ஸ்.100 காமிரா ஜூம் இல்லாத நிலையில் 5 செ.மீ. வரை நெருங்கும். முழு ஜூமில் 55 செ.மீ. தள்ளி நிற்க வேண்டும். எனவே பூச்சியை எடுக்கும்போது ஜூம் செய்யாமல் காமிராவையே அருகில் கொண்டுபோவதுதான் சரி.

2. ஒளியுணரும் சில்லின் அளவு. பழைய காமிராவில் பிலிம் செய்த வேலையை இன்று லென்சுக்குப் பின்னால் உள்ள ஒரு சிறு சில்லு செய்கிறது. இதை சென்சார் என்பார்கள். சாதாரணச் சிறு காமிராவில் இதன் அளவு சுமார் 6.2 x 4.6 மி.மீ. 'ஒரு அங்குலம்' என்று சொல்லி விற்கப்படுவது உண்மையில் 13.2 x 8.8 மி.மீ.தான், ஆனாலும் பரப்பில் முன்னதைப் போல் 4 மடங்கு. ரிக்கோ ஜி.ஆர். 3 போன்ற உயர்ரகச் சிறு காமிராவில் சுமார் 23.5 x 15.6 மி.மீ. சில்லு பெரிதாக இருந்தால் அதிகாலையிலும் மாலை மங்கலிலும் படம் புள்ளி தட்டாமல் வரும்.

அப்படியானால் பெரிய சில்லுதான் நமக்கு நல்லதா? அப்படிச் சொல்ல முடியாது. ஒரே அளவு காட்சியை, லென்சின் துவாரத்தையும் ஒரே எண்ணில் வைத்து எடுத்தால், சில்லு பெரிதாகப் பெரிதாகப் படத்தில் தெளிவாக விழும் ஆழம் குறையும். புழுவின் தலை தெளிவாக இருக்கும், வால் மங்கிவிடும். பூச்சியைத் தலை முதல் வால் வரை தெளிவாகக் காட்டுவதில் சிறு சில்லுக்கே அனுகூலம் அதிகம். ஒலிம்பஸ் டி.ஜி.-6 (2019), அதன் வழி வந்த ஓ.எம். சிஸ்டம் டி.ஜி.-7 (2023) ஆகியவை இந்தச் சிறு சில்லு கொண்டவையே. இவை லென்சிலிருந்து 1 செ.மீ. வரை நெருங்கி எடுக்கும். மழையில் நனைந்தாலும் சேற்றில் விழுந்தாலும் கழுவிக் கொள்ளலாம். விலை பல்லாயிரம் ரூபாய் ஆவதால் குழுவாக வாங்குவோருக்கே இவை பொருந்தும்.

3. மெகாபிக்சல். கடையில் முதலில் சொல்லும் எண் இதுதான். 12 மெகாபிக்சல் படம் என்பது 4000 x 3000 புள்ளிகள் கொண்டது. இதைச் சுமார் 13 x 10 அங்குல அளவில் நல்ல தரத்தில் அச்சிடலாம். பயிர் நோய் காண இது தாராளம். இதற்கு மேல் உள்ள எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

4. ஆப்டிகல் ஜூம், டிஜிட்டல் ஜூம். முன்னது லென்ஸ் நகர்ந்து பெரிதாக்குவது. பின்னது படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெருக்கிக் காட்டுவது மட்டுமே. அதில் புதிதாக எந்த விவரமும் வராது. டிஜிட்டல் ஜூமை அணைத்து வைப்பது நலம்.

5. பாட்டரியும் கார்டும். அந்தக் காமிராவுக்கு உரிய பாட்டரி இன்றும் கடையில் கிடைக்கிறதா என்று விசாரித்த பின்பே வாங்குங்கள்.

பழைய காமிரா வாங்குவோருக்கு

செல்போன் பெருகியபின் சிறு காமிராக்கள் பல வீடுகளில் சும்மா கிடக்கின்றன. இவை மலிவாகவும் கிடைக்கும். வாங்குமுன் லென்சை டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்தால் அது பூஞ்சாளம். பயிரைத் தாக்குவதைப் போலவே ஈரக் காற்றில் லென்சையும் பூஞ்சாளம் தாக்கும். அத்தகைய காமிராவை ஒதுக்கிவிடுங்கள். வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்து, கறை தெரிகிறதா என்றும் பாருங்கள். வாங்கிய பின் காமிராவைக் காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலத்துடன் வையுங்கள். உர மூட்டையும் மருந்து டப்பாவும் உள்ள அறையில் வைக்க வேண்டாம்.

செல்போன் வைத்திருப்போருக்கு

மலிவு விலைப் போன்களில் 'மேக்ரோ' என்று தனியாகத் தரப்படும் லென்ஸ் பெரும்பாலும் 2 மெகாபிக்சல் அளவே உள்ளது. அதைவிட முதன்மைக் காமிராவிலேயே 10 முதல் 15 செ.மீ. தூரத்திலிருந்து எடுத்து, பிறகு வேண்டிய பகுதியை வெட்டிக் கொள்வது நல்லது. அசுவினி, இலைப்பேன், சிலந்தி போன்ற மிகச் சிறியவற்றுக்கு, 10 மடங்கு பெருக்கும் கை லென்சை போன் லென்சின்மேல் ஒட்டினாற்போல் பிடித்து, இலையை நெருங்கி எடுக்கலாம்.

வயலில் எடுக்க வேண்டிய 4 படங்கள்

ஒரு பாதிப்புக்கு ஒரு படம் போதாது. கீழ்க்கண்ட 4 படங்களை வரிசையாக எடுக்கவும்.

முதல் படம் வயல் முழுவதும். பாதிப்பு வட்டத் திட்டாக உள்ளதா, வரப்போரம் மட்டுமா, வயல் முழுவதுமா என்பது இதில் தெரியும். நெல்லில் புகையான் தாக்குதல் திட்டுத் திட்டாகக் காய்ந்து தெரியும்.

இரண்டாம் படம் ஒரு முழுச் செடி, அடி முதல் நுனி வரை. புகையான் தூரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கும். நுனியை மட்டும் எடுத்தால் பூச்சியே தெரியாது. தழைச்சத்துக் குறையில் முதிர்ந்த இலை முதலில் மஞ்சளாகும். இரும்புச் சத்துக் குறையில் இளம் இலை முதலில் வெளிறும். எந்த இலை என்று தெரியாத படத்தால் பயன் இல்லை.

மூன்றாம் படம் பாதித்த இலையின் மேற்புறமும் அடிப்புறமும். நிலக்கடலையில் முன்பருவ இலைப்புள்ளிக்கு மேற்புறத்தில் மஞ்சள் வளையம் காணும். பின்பருவ இலைப்புள்ளி அடிப்புறத்தில் கரிய நிறமாக இருக்கும். தென்னையில் சுருள் வெள்ளை ஈயின் முட்டைச் சுருள்களை ஓலையின் அடிப்புறத்தில்தான் காண முடியும். மிளகாயில் இலையைப் பக்கவாட்டிலிருந்து எடுத்தால்தான் சுருளின் திசை தெரியும்.

நான்காம் படம் பூச்சி அல்லது புள்ளி, மிக அருகில். இந்தியாவில் 2018-ல் முதன்முதலாகக் காணப்பட்ட மக்காச்சோளப் படைப்புழுவுக்குத் தலையில் தலைகீழான ஆங்கில 'ஒய்' எழுத்துக் குறியும், வால் பக்கம் சதுரமாக 4 கரும்புள்ளிகளும் உண்டு. இவ்விரண்டும் படத்தில் விழுந்தால் அடையாளம் ஐயமற்றது. அளவு தெரிய ஒரு ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வையுங்கள்.

உச்சி வெயிலில் எடுத்தால் இலை பளபளத்து நிறம் வெளுத்துவிடும். காலை வேளையில், உங்கள் உடலின் நிழல் இலைமேல் விழும்படி நின்று எடுங்கள். இலை வண்ண அட்டையை ஒப்பிடும்போதும் இப்படித்தான் நிழல் கொடுக்கிறோம். படத்தின் ஓரத்தில் ஒரு துண்டு வெள்ளைத் தாள் இருக்கட்டும். அது ஏன் என்று அடுத்து பார்ப்போம்.

படத்தைச் சீர் செய்யக் கற்றல்

செல்போனுக்கு ஸ்நாப்சீட், கம்ப்யூட்டருக்கு ஜிம்ப் ஆகியவை பணம் கொடுக்காமல் கிடைக்கும் சாப்ட்வேர்கள். இவற்றில் நூற்றுக்கணக்கான வசதிகள் உண்டு. அனைத்தையும் கற்க வேண்டாம். வாரம் ஒன்றாக, கீழ்க்கண்டவற்றை மட்டும் கற்றால் போதும்.

முதல் வாரம்: நகல் எடுத்தல். மூலப் படத்தைத் தொடாமல், நகலில் மட்டுமே வேலை செய்யப் பழகவும்.

இரண்டாம் வாரம்: வெட்டுதல். வேண்டாத வரப்பையும் வானத்தையும் நீக்கி, பாதிப்பு உள்ள பகுதியை மட்டும் வைத்துக் கொள்ளுதல்.

மூன்றாம் வாரம்: வெளிச்சம் கூட்டுதல், குறைத்தல். இலை நரம்பு தெரியும் அளவோடு நிறுத்தவும்.

நான்காம் வாரம்: நிறம் சரி செய்தல். ஸ்நாப்சீட்டில் 'ஒயிட் பேலன்ஸ்' பகுதியிலும், ஜிம்ப்பில் 'லெவல்ஸ்' பகுதியிலும் நிறத்தைத் தொட்டு எடுக்கும் குழாய் போன்ற குறி உண்டு. அதை வெள்ளைத் தாளின்மேல் வைத்து அழுத்தினால், தாள் வெள்ளையாகும்போது இலையும் ஏறக்குறைய தன் உண்மை நிறத்துக்கு வரும். கூரை நிழலிலும் பச்சை வலையடியிலும் எடுத்த படங்களுக்கு இது மிக அவசியம்.

செய்யக் கூடாதவை சில உண்டு. 'பில்டர்' என்னும் நிறப் பூச்சுகளைப் போட வேண்டாம். மஞ்சள் இலை பச்சையாகிவிட்டால் சத்துக் குறை மறைந்துவிடும். புள்ளிகளை அழிக்கும் கருவி மனித முகத்தின் பருவுக்கு உரியது. இலையில் பயன்படுத்தினால் நோயையே அழித்துவிடும். பல போன்களில் காட்சிக்கு ஏற்ப நிறத்தைத் தானே தூக்கிக் காட்டும் வசதி உள்ளது. பயிர் எடுக்கும்போது அதை அணைத்து விடுங்கள். விற்பனைக்காக எடுக்கும் படத்திலும் தக்காளியை இருப்பதைவிடச் சிவப்பாக்கிக் காட்டினால், சரக்கு இறங்கியதும் வியாபாரியின் நம்பிக்கை போய்விடும்.

படத்தை அனுப்பும்போது, வாட்ஸ்அப்பில் 'டாக்குமெண்ட்' என்ற வழியில் அனுப்பவும். சாதாரண வழியில் அனுப்பினால் படம் சுருக்கப்பட்டு நுண் விவரங்கள் போய்விடும். ரகம், நட்ட தேதி, கடைசியாக இட்ட உரம், அடித்த மருந்து ஆகியவற்றையும் எழுதுங்கள். வேர் அழுகல், நூற்புழு போன்றவற்றுக்குப் படம் மட்டும் போதாது. செடியை வேரோடு எடுத்து வந்து காட்ட வேண்டும்.

காப்பீட்டுப் படத்தில் கை வைக்காதீர்

மேலே சொன்ன சீர் செய்தல் எதுவும் பயிர்க் காப்பீட்டுக்கான படத்துக்குப் பொருந்தாது. பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு போன்ற குறிப்பிட்ட இடத்தில் நேரும் சேதத்தையும், அறுத்து வயலில் காய வைத்த பயிர்ச் சேதத்தையும் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். வனவிலங்குகளால் நேரும் சேதத்தையும், நெல் வயல் வெள்ளத்தில் மூழ்குவதையும் 2026 கரீப் பருவம் முதல் இதில் சேர்ப்பதாக 2025 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. இடக் குறிப்புடன் கூடிய படத்தைக் காப்பீட்டுச் செயலியில் ஏற்றி 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதும் அந்த அறிவிப்பில் உள்ளது.

டிஜிட்டல் படம் ஒவ்வொன்றின் உள்ளேயும் எடுத்த தேதியும் நேரமும் பதிவாகும். போனில் இடம் காட்டும் வசதியைத் திறந்து வைத்திருந்தால் இடமும் பதிவாகும். வெட்டினாலும் நிறம் மாற்றினாலும் அந்தப் படத்தின்மேல் சந்தேகம் எழ இடமுண்டு. ஆகவே காப்பீட்டுக்குச் செயலியின் மூலமாகவே படம் எடுங்கள். போனில் எடுத்த மூலப் படங்களையும் அழிக்காமல் தனியே வைத்திருங்கள். தனிக் காமிரா வைத்திருப்போர் அதில் தேதி, நேரம் சரியாக உள்ளதா என்று மாதம் ஒரு முறை பார்த்துக் கொள்வது அவசியம். காப்பீடு பற்றிய உதவிக்கு 14447 என்ற எண்ணையும், பயிர் பற்றிய ஐயங்களுக்கு 1800-180-1551 என்ற உழவர் அழைப்பு மைய எண்ணையும் கட்டணமின்றித் தொடர்பு கொள்ளலாம்.

அடுத்த முறை இலையில் ஒரு புள்ளியைக் கண்டதும், மருந்துக் கடைக்குப் போகுமுன் மேற்கண்ட 4 படங்களை எடுத்து உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கோ வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ அனுப்புங்கள். பூச்சி இன்னதென்று தெரிந்தபின் மருந்தை முடிவு செய்தால், வீண் செலவு மிச்சமாகும். நன்மை செய்யும் பூச்சிகளும் பிழைக்கும்.