காருக்குக் காது முளைத்தது; கைப் பொத்தான் எங்கே?

மும்பையில் மின்சார வாடகைக் கார் ஓட்டும் நம் ஊர் நண்பர் ஒருவர், சென்ற மழைக்காலத்தில் பட்ட பாட்டைச் சொன்னார்.

சயான் அருகே கொட்டும் மழை. முன் கண்ணாடி முழுவதும் ஆவி படர்ந்து விட்டது. வாயால் சொன்னாலே போதும், காரே காற்றடித்து ஆவியைப் போக்கும் என்று சொல்லித்தான் வண்டியை ஒப்படைத்திருந்தார்கள். நண்பரும் தமது நெல்லைச் சீமை இந்தியில் உத்தரவிட்டார். “புரியவில்லை, மீண்டும் சொல்லுங்கள்” என்றது கார். மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் அதே பதில்தான்! திரையில் அந்தக் கட்டளையைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள், முன்னால் நின்ற பஸ் மீது மோதாமல் தப்பியது பெரிய காரியம்.

இந்தத் தொல்லை நமக்கு மட்டுமல்ல. ஜெர்மனியில் 2019-ல் ஒருவர், தமது டெஸ்லா காரில் வைப்பரின் வேகத்தை மாற்றத் திரையைத் தொட்டார். கவனம் சிதறியது, கார் சாலையை விட்டு விலகி மரங்களில் மோதியது. அவருக்கு 200 யூரோ அபராதமும், ஒரு மாதம் கார் ஓட்டத் தடையும் விதிக்கப்பட்டன. கார்ல்ஸ்ரூ மேல் நீதிமன்றம் 2020-ல் அதை உறுதி செய்தது.

திரையே அணைந்து போனால்? அதுவும் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் 2021-ல் டெஸ்லா கம்பெனி சுமார் 1 லட்சத்து 35 ஆயிரம் கார்களைத் திரும்ப அழைத்தது. மென்பொருள் ஓயாமல் தகவல்களை எழுதி எழுதி, நினைவுச் சில்லு தேய்ந்து விட்டது. திரை இருண்டது; பின்புறக் காமிரா தெரியவில்லை; கண்ணாடியின் ஆவியைப் போக்கும் கட்டளையும் கைக்கு எட்டவில்லை.

ரயில்வேயில் வேலை பார்க்கும் எங்களுக்கு ஒரு விதி தெரியும். சிக்னலில் கோளாறு ஏற்பட்டால், அது சிவப்பில்தான் நிற்க வேண்டும். கருவி கெட்டாலும் உயிருக்குக் கேடு வரக் கூடாது என்பதே அதன் பொருள். காருக்கும் இது பொருந்தாதா?

ஐரோப்பாவில் கார்களைச் சோதித்து நட்சத்திரம் வழங்கும் ‘யூரோ என்கேப்’ அமைப்பு இப்போது விழித்துக் கொண்டது. இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், அபாய விளக்கு, அவசர உதவி அழைப்பு ஆகிய ஐந்துக்கும் கையால் இயக்கும் பொத்தானோ நெம்புகோலோ இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று, 2026 முதல் விதி செய்திருக்கிறது.

எனவே, புதுக் காரை ஓட்டப் போகும் அன்பர்களே! பாட்டுப் போடச் சொல்லிக் காரைச் சோதிக்க வேண்டாம். வைப்பர், விளக்கு, ஆவி போக்கும் காற்று ஆகியவற்றைக் குரலின்றி இயக்குவது எப்படி என்று, வண்டி நிற்கும்போதே கேட்டுப் பழகிக் கொள்ளுங்கள். மழை வந்த பிறகு கற்றுக் கொள்ள நேரம் இருக்காது.