டி.பி. பார்க்கும் மூளை

வல்லம் வடகால் சிப்காட்டில் 2024 ஆகஸ்ட்டில் பெண் தொழிலாளர்களுக்கான பெரிய குடியிருப்பு வளாகம் திறக்கப்பட்டது. செலவு 706.50 கோடி ரூபாய், படுக்கைகள் 18,720. இத்தனை பெண்கள் சேர்ந்து வாழும் இடத்தில் காதலும் இருக்கும், பிரேக்அப்பும் இருக்கும். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து படுத்ததும் கை போனைத் தேடும். பிரிந்து போனவன் டி.பி.யை, அதாவது புரொஃபைல் படத்தை, மாற்றியிருக்கிறானா என்று ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும், அன்றைய தூக்கம் போயிற்று.

ஆய்வாளர்கள் ஹெலன் ஃபிஷர், லூசி பிரவுன் குழுவினர் ஆய்வுக்கூடத்தில் செய்ததும் கிட்டத்தட்ட இதைத்தான். காதலில் கைவிடப்பட்ட 15 பேரை மூளையின் செயல்பாட்டைப் படம்பிடிக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்க வைத்து, பிரிந்தவரின் படத்தைக் காட்டினார்கள். 2010இல் வெளியான முடிவு இது: டோபமைன் சுரக்கும் நடுமூளைப் பகுதி கிளர்ந்தது, கோகெய்னுக்கு ஏங்குபவர்களிடம் தூண்டப்படும் பகுதிகளும் சேர்ந்து கிளர்ந்தன. காதல் முறிந்த பிறகும் மூளை 'இன்னும் வேண்டும்' என்றுதான் கேட்கிறது. விழித்திருக்கும் நேரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் பிரிந்தவர் நினைப்புதான் என்று அந்த 15 பேரும் சொல்லியிருந்தார்கள். ஆனால், பிரிந்து நாளாக ஆக, பிணைப்போடு தொடர்புடைய ஒரு பகுதியின் கிளர்ச்சி குறைந்திருந்தது. "அவனை பிளாக் பண்ணித் தொலைடி" என்று திட்டும் ரூம்மேட்டுக்கு நரம்பியல் தெரியாது. சொல்வது என்னவோ சரிதான்.

அந்தச் சோதனையில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே, பெரிய எண்ணிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். முதல் படம் கிளப்பிய உணர்ச்சியைத் தணிக்கத்தான் அந்தக் கணக்கு. போன் கையில் இல்லாமல், கவனம் முழுவதும் வேலையில் இருக்கும் அசெம்பிளி லைன் நேரமும் அப்படி உதவக்கூடும் என்பது என் ஊகம்.

நெஞ்சு வலிக்கிறது என்று சொல்வதும் வெறும் பேச்சில்லை. ஈதன் கிராஸ் குழுவின் 2011 ஆய்வில், பிரிந்தவரின் படமும் முன்கையில் வைத்த சூடும் மூளையில் சில பொதுவான இடங்களைத் தூண்டின. இரண்டும் ஒரே வலி என்று உடனே எழுதித் தள்ளினார்கள் பத்திரிகைக்காரர்கள். 2014இல் வந்த நுணுக்கமான ஆய்வோ, இடம் ஒன்றானாலும் கிளர்ச்சியின் வடிவம் வேறு என்று காட்டிவிட்டது.

எனக்குப் பிடித்தது பால் ஈஸ்ட்விக் குழுவின் 2008 ஆய்வு. பிரிந்தால் எவ்வளவு துயரப்படுவீர்கள் என்று அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் முன்கூட்டியே கேட்டுவைத்தார்கள். பிரிவு நிஜமாகவே வந்தபோது, சொன்ன அளவுக்கு அவர்கள் துயரப்படவில்லை. ஆழமாகக் காதலித்தவர்களின் கணிப்புதான் அதிகம் தவறியது. கைமாற்றுக் கடனும் ஓவர்டைமும் அறியாத மாணவர்கள் அவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

பேசினாலும் பலன் உண்டு. 2015இல் லார்சன், ஸ்பாரா இருவரும் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது வாரங்களில் பலமுறை வந்து பிரிவைப் பற்றிப் பேசியவர்களுக்கு, தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் வந்தவர்களைவிடத் 'தான் யார்' என்ற தெளிவு கூடியிருந்தது, தனிமையும் குறைந்திருந்தது.

பக்கத்துக் கட்டில் அக்காவிடம் சொல்ல முடியாதவர்கள், சாப்பாடும் தூக்கமும் வாரக்கணக்கில் கெட்டுப்போனவர்கள், செத்துவிடலாம் என்று தோன்றுகிறவர்கள் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416ஐ அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம், 24 மணி நேரமும் எடுப்பார்கள். நைட் ஷிப்ட் முடிந்து வந்தும் கூப்பிடலாம்.