பரணில் துப்பாக்கி, ரத்தத்தில் ஈயம்

தருமபுரி மாவட்டத்தின் அரூரிலிருந்து சித்தேரிப் பக்கம் போனாலும் கோட்டப்பட்டிப் பக்கம் போனாலும் சிறிது நேரத்தில் காப்புக்காடு வந்துவிடும். மலையடிவாரத்து மரவள்ளிக் காட்டில் ஒரே இரவில் பன்றிக் கூட்டம் இறங்கி உழுதுவிட்டுப் போனால் அந்த வருடக் கடன் அப்படியே நிற்கும். வீட்டில் ஒரு நாட்டுத் துப்பாக்கி இருப்பதற்கு இந்தப் பகுதியில் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் இதுதான். குழலின் வாய்வழியே கருமருந்தையும் ஈய ரவையையும் அடைத்துச் சுடுகிற பழைய வகை. உரிமம் இருக்காது. பிடிபட்டால் நாளிதழில் நான்கு வரிச் செய்தி வரும். அந்த வீட்டில் ஈயம் உருக்கியபோது பக்கத்தில் எந்தக் குழந்தை உட்கார்ந்திருந்தது என்று அந்தச் செய்தி கேட்காது. இந்தக் கட்டுரையின் கவலை அதுதான்.

அமெரிக்காவில் சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூட்டில் மறுபடி மருந்து நிரப்புவதைப் பலர் வீட்டிலேயே பொழுதுபோக்காகச் செய்கிறார்கள். நம் நாட்டில் உரிமமில்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ தயாரிப்பது குற்றம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 2019இல் திருத்தப்பட்ட பிறகு, குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை. ஆனால் ஈயத்துக்குச் சட்டம் தெரியாது. உரிமம் உள்ளவர் உடம்பிலும் இல்லாதவர் உடம்பிலும் அது ஒரே வேலையைத்தான் செய்கிறது.

அடுப்படியில் ஏறும் நஞ்சு

ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். விறகடுப்பே போதும் என்பதால்தான் ஆபத்து வீட்டுக்குள் வருகிறது. சூடு ஏற ஏறக் கண்ணுக்குத் தெரியாத புகை கிளம்பும். மூச்சில் போனது போக மீதி தரையிலும் பாத்திரத்திலும் துணியிலும் படியும். உருக்கியவர் கையைக் கழுவாமல் சோற்றில் வைப்பார். தவழும் குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கும். வாய்வழியே போகும் ஈயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகக் குழந்தையின் உடல் உறிஞ்சிக்கொள்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாதுகாப்பான அளவு என்று ஈயத்துக்கு எதுவுமே இல்லை என்பதும் அதே நிறுவனத்தின் நிலைப்பாடு. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 5 மைக்ரோகிராம் இருந்தாலே, எங்கிருந்து வருகிறது என்று தேடிக் கண்டுபிடித்து நிறுத்த வேண்டும்.

ரத்தத்தில் ஈயம் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். எலும்புக்குள் போனது பல பத்தாண்டுகள் அங்கேயே கிடக்கும். ஒரு பெண் கருவுற்றால், எலும்பிலிருந்து கால்சியம் கரையும்போது இந்தப் பழைய ஈயமும் சேர்ந்து கரைந்து கருவுக்குப் போகிறது. சிறுமியாக இருந்தபோது அப்பா உருக்கிய ஈயம் அவள் பெறும் பிள்ளையின் மூளை வளர்ச்சியைத் தொடக்கூடும். படிப்பில் மந்தம், கவனம் நிற்காமை, முரட்டுத்தனம் என்று வெளிப்படும்போது பழி பிள்ளையின் மேலும் வாத்தியார் மேலும்தான் விழும்.

பெரியவர்களுக்கு அடிவயிற்றை முறுக்கும் வலி, மலச்சிக்கல், தலைவலி, ரத்தசோகை, உயர் ரத்த அழுத்தம் வரலாம். முற்றினால் மணிக்கட்டு தொய்ந்து கை தொங்கும், ஈறின் ஓரத்தில் நீலக்கோடு தெரியும். இதில் முக்கால்வாசி சூடு, வாயு, வேலை அலுப்பு என்று கஷாயத்திலேயே கழிந்துவிடுகிறது. சந்தேகம் இருந்தால் ரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். மருந்து உண்டு, ஆனால் அது அளவு மிகவும் ஏறியவர்களுக்கு. குழந்தைகளுக்குப் பொதுவாக 45 மைக்ரோகிராமைத் தொட்ட பிறகுதான் ஈயத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்தைத் தொடங்குவார்கள். அதற்குக் கீழே, ஈயத்தை வீட்டை விட்டு வெளியேற்றுவதுதான் சிகிச்சை. இரும்பும் கால்சியமும் குறைந்த உடல் ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும் என்பதால் நம் ஊர்க் கேழ்வரகுக் களியும் கீரையும் ஓரளவு துணைசெய்யும். ஏறிவிட்ட ஈயத்தை அவை இறக்கிவிடாது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். யுனிசெஃப் 2020இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் 80 கோடி குழந்தைகளின் ரத்தத்தில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ ஈயம் இருப்பதாகவும் அவர்களில் சுமார் 27.5 கோடிப் பேர் இந்தியாவில் இருப்பதாகவும் மதிப்பிட்டது. அதில் துப்பாக்கியின் பங்கு மிகச் சிறியது. பழைய பேட்டரியை உடைக்கும் தொழிலும் பெயிண்டும்தான் பெரிய குற்றவாளிகள். ஆனாலும் பேட்டரி ஈயமே ரவையாக மாறும் வீட்டில் இரண்டும் ஒன்றுதான்.

கறியில் கலந்த துகள்

காட்டு விலங்கை வேட்டையாடுவதும் அதன் கறியை வாங்குவதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். பலருக்கும் தெரிந்ததுதான். தெரியாதது, ஈய ரவை எலும்பில் மோதும்போது பொடிப்பொடியாகச் சிதறும் என்பது. காயத்தைச் சுற்றி வெட்டி எறிந்துவிட்டால் போதும் என்பது தவறான நம்பிக்கை. 2008இல் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில், ஏழைகளுக்கு நன்கொடையாக வந்த மான்கறியை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது ஈயத்துகள் தென்பட்டதால் அதைக் கொட்டிவிடச் சொன்னார்கள். ஈயத்தோட்டாவால் சுட்ட கறியைக் கர்ப்பிணிகளும் 7 வயது வரையுள்ள குழந்தைகளும் சாப்பிட வேண்டாம் என்கிறது ஜெர்மனி. வேட்டை சட்டப்படி நடக்கும் நாடுகளின் அறிவுரை இது. ஸ்பெயினில் பறவைக்கறியை வினிகரில் சமைத்துச் சோதித்தபோது, உடல் உறிஞ்சக்கூடிய ஈயத்தின் அளவு கூடியிருந்தது. நம் புளிக்குழம்பும் புளிப்புதான்.

கையும் கண்ணும்

கருமருந்து உரசலிலும் பொறியிலும் பற்றும். அடுப்புக்கு மேலே பரணில் அதை வைத்திருக்கும் வீட்டில் எல்லோரும் அதன் கீழேதான் தூங்குகிறார்கள். பன்றிக்காகத் தீனிக்குள் வெடி மறைத்து வைக்கும் அவுட்டுக்காய் இதைவிட மோசம். பாலக்காட்டுப் பக்கம் வெடி வைத்த காயைக் கடித்து வாய் சிதைந்த கர்ப்பிணி யானை, 2020 மே மாதம் ஆற்றுக்குள் நின்றபடியே செத்தது நினைவிருக்கும். ஆடு மேய்க்கிற சிறுவன் அவுட்டுக்காயைக் கையில் எடுத்தாலும் அது வெடிக்கத்தான் செய்யும்.

விபத்து நடந்துவிட்டால், ரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். விரல் துண்டானால் ஈரத்துணியில் சுற்றி, பாலிதீன் பையில் இறுகக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வைத்துக் கூடவே கொண்டுபோங்கள். விரல் நேராக ஐஸில் படக் கூடாது. தீப்புண்ணுக்கு 20 நிமிடம் ஓடும் தண்ணீர் போதும். பேஸ்ட், இங்க், மாவு எதுவும் வேண்டாம். கண்ணில் துகள் குத்தியிருந்தால் கசக்கவும் கழுவவும் பிடுங்கவும் கூடாது. ஒரு காகிதக் கப்பைக் கண்ணில் அழுத்தம் படாமல் மேலே கவிழ்த்து ஒட்டி அழைத்துச் செல்லுங்கள். ஊசி போடுவதைத் தள்ளிப்போடாதீர்கள், டெட்டனஸ் காத்திருக்காது.

உடலில் தங்கிய ரவை எல்லாவற்றையும் மருத்துவர்கள் எடுப்பதில்லை. தசையில் இருப்பது பெரும்பாலும் தொல்லை தராது. மூட்டுக்குள் இருப்பது வேறு. மூட்டுநீரில் ஈயம் மெல்லக் கரைந்து ரத்தத்தில் சேரும். பல வருடம் கழித்து மூட்டுவலியும் ரத்தசோகையும் வந்தால் அந்தப் பழைய காயத்தை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

“ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் வருமே”

மலைக்கிராமத்தில் விரலையும் கண்ணையும் பறிப்பது பல நேரம் வெடி அல்ல, இந்தப் பயம். இரவெல்லாம் வீட்டிலேயே மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு, மறுநாள் சீழ் பிடித்த பிறகு “கல்லு வெடிச்சது” என்று சொல்லி இறங்கி வந்தால் யாராலும் என்ன செய்ய முடியும்? போலீஸுக்குத் தகவல் போகும், உண்மைதான். ஆனால் முதலில் சிகிச்சை, பிறகுதான் மற்ற நடைமுறை என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989இலேயே சொல்லிவிட்டது. அரசு மருத்துவமனைக்கும் தனியாருக்கும் அது பொருந்தும். என்ன வெடித்தது, உள்ளே என்ன அடைத்திருந்தது என்று மருத்துவருக்கு உண்மை தெரிந்தால்தான் எதைத் தேட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். வழக்கை வக்கீல் பார்த்துக்கொள்ளலாம். துண்டான விரலுக்கு மணிக்கணக்கில்தான் அவகாசம். 108ஐக் கூப்பிட்டு அரூர் அரசு மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். அங்கிருந்து தருமபுரி மருத்துவக் கல்லூரிக்கோ சேலத்துக்கோ அனுப்ப வேண்டுமா என்பதை அவர்கள் முடிவுசெய்வார்கள்.

பன்றிக்கு என்ன வழி?

துப்பாக்கியைக் கீழே வைத்துவிடு என்று மட்டும் சொல்லிவிட்டு விவசாயியைக் கைவிடுவது நியாயமில்லை. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளை வனத்துறையே பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு சுடலாம் என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. ஒன்று முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடுவார்கள். அதற்கும் உள்ளே சுட அனுமதி இல்லை, மலையடிவாரத்துக்காரருக்கு இது போதாது என்பதே என் கருத்து. பயிர்ச் சேதத்துக்கு இழப்பீடு உண்டு. சேதத்தைப் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் உடனே எழுதிக் கொடுங்கள். பரணில் ஏதாவது இருந்தால், தாமாக ஒப்படைக்கும்படி காவல்துறை அறிவிக்கும்போது ஊர்ப் பெரியவர்களை முன்வைத்துக் கொடுத்துவிடுங்கள். ஈயம் உருக்கிய சட்டியை மட்டும் கழுவி மறுபடி சமையலுக்கு எடுக்காதீர்கள்.