பின்தொடரும் முன் ஒரு கணக்கு

புதுச்சேரியில் ஒரு பள்ளி. அதில் 1024 மாணவர்கள் பயில்வதாக வைத்துக்கொள்வோம். அனைவரையும் விளையாட்டுத் திடலில் நிறுத்தி, ஆளுக்கொரு நாணயம் கொடுத்துச் சுண்டச் சொல்கிறோம். தலை விழுந்தவர் நிற்கலாம். பூ விழுந்தவர் உட்கார்ந்துவிட வேண்டும். முதல் முறையில் ஏறத்தாழப் பாதிப் பேர், அதாவது 512 பேர், நிற்பார்கள். அடுத்த முறை 256 பேர். பிறகு 128, 64, 32 என்று குறைந்துகொண்டே வரும். பத்தாவது முறை முடிந்ததும் திடலில் ஒரே ஒரு மாணவன் நிற்பான். பத்து முறையும் அவனுக்குத் தலையே விழுந்திருக்கிறது!

நாணயம் சுண்டுவதில் அவன் கைதேர்ந்தவனா? இல்லை என்று உடனே சொல்லிவிடுவீர்கள். 1024 பேர் சுண்டினால் யாராவது ஒருவருக்கு அப்படி விழத்தான் செய்யும். ஆனால் உட்கார்ந்துவிட்ட 1023 பேரையும் நீங்கள் பார்க்கவே இல்லை, நின்றவனின் படமும் ‘பத்துக்குப் பத்து’ என்ற குறிப்பும் மட்டும் உங்கள் கைப்பேசியில் வந்தன என்றால் என்ன நினைப்பீர்கள்? ‘காப்பி டிரேடிங்’ எனப்படும் முறையைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவதே நல்லது.

கிரிப்டோ நாணயங்களை வாங்கி விற்கும் சில நிறுவனங்கள் தங்கள் செயலியில் ஒரு பட்டியலை வெளியிடுகின்றன. அதில் தேர்ந்த வணிகர்கள் எனப்படுவோரின் பெயர்களும் பக்கத்தில் சில எண்களும் இருக்கும். ஒருவரைத் தேர்ந்தெடுத்து நீங்கள் பணம் கட்டிவிட்டால், அவர் வாங்கும்போது உங்கள் கணக்கிலும் அதே விகிதத்தில் வாங்கப்படும். அவர் விற்றால் உங்களுடையதும் விற்கப்படும். நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தாலும் இது நடக்கும். இக்கட்டுரையில் அவரை முன்வணிகர் என்றும், அவரைப் பார்த்துச் செய்பவர்களைப் பின்தொடர்வோர் என்றும் அழைப்போம்.

நம் ஊருக்கு இது தொலைதூரச் சங்கதி அன்று. கிரிப்டோ முதலீட்டின் பெயரால் பலரிடம் கோடிக்கணக்கில் பணம் பெற்று ஏமாற்றியதாக எழுந்த புகாரில், புதுச்சேரி இணையவழிக் குற்றப் பிரிவினர் இருவரைக் கைது செய்த செய்தியை 2025-ன் தொடக்கத்தில் நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். புகார் கொடுத்தவர் பணி ஓய்வு பெற்றவர். அது நேரடி மோசடிப் புகார். காவல் துறையும் நீதிமன்றமும் பார்க்க வேண்டியது. நாம் இங்கே காணப்போவது வேறு. எண்களில் ஒன்றுகூடப் பொய் இல்லாமலே ஒருவர் பணத்தை இழக்க முடியும். எப்படி?

பட்டியலில் கண்ணைக் கவரும் முதல் எண் வெற்றி வீதம். செய்த வணிகங்களில் நூற்றுக்கு எத்தனை இலாபத்தில் முடிந்தன என்பதை அது காட்டுகிறது. இரண்டு வணிகர்களை எடுத்துக்கொள்வோம். முதலாமவர் 100 வணிகங்களில் 90-ல் வென்றவர். ஒவ்வொன்றிலும் 100 ரூபாய் இலாபம். தோற்ற பத்திலும் தலா 1200 ரூபாய் நட்டம். வரவு 9000, செலவு 12,000. ஆக 3000 ரூபாய் கைநட்டம். இரண்டாமவர் 40-ல் மட்டுமே வென்றார். ஒவ்வொன்றிலும் 300 ரூபாய் இலாபம். தோற்ற 60-லும் தலா 100 ரூபாய்தான் நட்டம். வரவு 12,000, செலவு 6000. இவர் கையில் 6000 ரூபாய் மிஞ்சுகிறது. பட்டியலில் 90 சதவீதக்காரர் மேலே இருப்பார். 40 சதவீதக்காரரை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

வீராம்பட்டினத்து மீனவரிடம் கேட்டால் இதை ஒரே வரியில் சொல்லிவிடுவார். மாதத்தில் இருபத்தொன்பது நாள் மீனோடு திரும்பி, முப்பதாம் நாள் படகையே கடலில் விட்டுவிட்டு வருபவனை யாராவது கெட்டிக்காரன் என்பார்களா?

வெற்றி வீதத்தை வேண்டுமென்றே உயர்த்திக் காட்டவும் ஒரு பழைய வழி உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுச் சூதாட்டக்காரர்கள் அதற்கு ‘மார்ட்டிங்கேல்’ என்று பெயரிட்டிருந்தார்கள். 100 ரூபாய் பந்தயம் கட்டுங்கள். தோற்றால் அடுத்து 200, மீண்டும் தோற்றால் 400 என்று இரட்டித்துக்கொண்டே போங்கள். எப்போது வென்றாலும் முன்பு இழந்தது முழுவதும் திரும்பி வந்து, மேற்கொண்டு 100 ரூபாயும் கிடைக்கும். கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் அடுத்தடுத்துப் பத்து முறை தோற்றுக் கைப்பணம் தீர்ந்துவிட்டால் இழப்பு எவ்வளவு? 100, 200, 400 என்று பத்து எண்களைக் கூட்டிப் பாருங்கள்: 1,02,300 ரூபாய்.

பத்து முறை தொடர்ந்து தோற்பதற்கான நிகழ்தகவு 1024-ல் ஒன்று. திடலில் நின்ற மாணவனை இங்கே மறுபடியும் சந்திக்கிறோம்! ஆகவே 1024 சுற்றுகளில் 1023 முறை நூறு நூறாகக் கிடைக்கும். ஒரு முறை 1,02,300 போகும். 1023-ஐ 100-ஆல் பெருக்கினால் வருவதும் 1,02,300 தான். நிகர இலாபம் பூச்சியம். வெற்றி வீதமோ 99.9 சதவீதம்! நிறுவனம் ஒவ்வொரு முறையும் எடுத்துக்கொள்ளும் கட்டணத்தையும் சேர்த்தால் நட்டமே மிஞ்சும். அந்த ஒற்றை நாள் வரும்வரை ஏணிப்படி போல ஏறிக்கொண்டிருக்கும் வரைபடம் மட்டும் மிக அழகாக இருக்கும்.

இன்னொன்று. வெற்றி வீதத்தில் முடித்துக்கொண்ட வணிகங்களே பொதுவாகச் சேர்கின்றன. இலாபம் தருவதை உடனே விற்று, நட்டத்தில் கிடப்பதை விற்காமல் வைத்திருந்தால் தோல்வி என்று ஒன்று பதிவாவதே இல்லை. எனவே முடிக்காமல் திறந்து கிடக்கும் வணிகங்களில் எவ்வளவு நட்டம் தேங்கியிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பல பட்டியல்களில் அது உள்பக்கத்தில் எங்கோ ஒரு மூலையில் இருக்கும்.

புதுச்சேரியை ஆண்ட கம்பெனியின் பங்கு விலை

அடுத்த எண் ‘டிராடவுன்’. பெரும இறக்கம் என்று தமிழில் சொல்லலாம். கணக்கிலுள்ள பணம் ஓர் உச்சத்தைத் தொட்டபின் அதிகமாக எவ்வளவு சரிந்தது என்பதை அது காட்டுகிறது. இதை விளக்க, நம் ஊரோடு தொடர்புள்ள ஒரு கதையைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைக்காது.

பிரான்சில் ஜான் லா என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1719-ல் பழைய பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தம் மிசிசிப்பிக் கம்பெனியோடு இணைத்தார். புதுச்சேரியின் நிர்வாகமும் அந்தப் புதிய கம்பெனியின் கைக்கு வந்தது. அதன் பங்கு அவ்வாண்டின் நடுவில் சுமார் 500 லிவருக்கு விற்றது. ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 10,000 லிவரைத் தொட்டது. ‘மில்லியனர்’ என்ற சொல்லே அந்தப் பரபரப்பில்தான் பரவியது. 1720-ல் எல்லாம் சரிந்தது. டிசம்பரில் லா நாட்டை விட்டே ஓடினார். 1721-ல் பங்கு மீண்டும் சுமார் 500 லிவரில் வந்து நின்றது.

தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் பார்ப்பவருக்கு 500-லிருந்து 500. இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. 10,000-ல் வாங்கியவரோ நூற்றுக்கு 95 இழந்தார். இழந்ததை மீட்க அவருக்கு எத்தனை சதவீத உயர்வு வேண்டும்? 95 அன்று, 1900! இறக்கமும் ஏற்றமும் ஒரே அளவுகோலில் நடப்பதில்லை. 20 சதவீதம் இழந்தவருக்கு 25 சதவீத உயர்வு போதும். பாதியை இழந்தவர் மீதியை இரட்டிப்பாக்க வேண்டும். 80 போனால் 400 வேண்டும். பிட்காயினே 2021 நவம்பரில் சுமார் 69,000 டாலராக இருந்து, ஓராண்டில் 16,000-க்கும் கீழே வந்தது. இது முக்கால் பங்குக்கு மேற்பட்ட இறக்கம். கடன் வாங்கிப் பந்தயத்தைப் பெருக்கும் ‘லிவரேஜ்’ முறையில், 20 மடங்கு எடுத்தவருக்கு 5 சதவீதச் சரிவே கட்டிய பணத்தை அழித்துவிடும். கிரிப்டோ சந்தையில் ஒரே நாளில் 5 சதவீதம் ஏறி இறங்குவது அரிய நிகழ்ச்சி அன்று.

என் கருத்தில், ஒரே ஓர் எண்ணைத்தான் பார்க்கலாம் என்று சொன்னால் பெரும இறக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். அதையும் ஒரு மாதத்துக்கு அல்ல, சந்தை நன்றாகச் சரிந்த காலமும் அடங்கிய நீண்ட கெடுவுக்குப் பார்க்க வேண்டும்.

சராசரி என்ற எண்ணும் ஏமாற்றும். ஒருவர் ஆறு மாதங்களில் முறையே 5, 3, 4, 5, 3, 4 சதவீதம் ஈட்டினார். மற்றொருவருக்கு முதல் மாதம் 40 இலாபம், அடுத்து 30 நட்டம், பின் 25 இலாபம், 20 நட்டம், 30 இலாபம், 21 நட்டம். கூட்டிப் பாருங்கள்; இருவருக்கும் மாதச் சராசரி 4 சதவீதம்தான். ஆளுக்கு ஒரு லட்சம் கொடுத்திருந்தால் முதலாமவரிடம் ஏறத்தாழ 1,26,500 ரூபாய் இருக்கும். இரண்டாமவரிடம் 1,00,650 கூட இராது. நம்பாதவர்கள் பென்சிலை எடுத்துக்கொண்டு 1.40, 0.70, 1.25 என்று வரிசையாகப் பெருக்கிப் பார்க்கலாம்.

இந்த அலைச்சலையும் கணக்கில் சேர்க்க, அமெரிக்கப் பொருளியல் அறிஞர் வில்லியம் ஷார்ப் 1966-ல் ஒரு விகிதத்தை வகுத்தார். 1990-ல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். சராசரி வருவாயிலிருந்து, ஆபத்தின்றி வங்கியில் கிடைக்கும் வட்டியைக் கழித்து, மீதியைத் திட்ட விலக்கத்தால் வகுப்பதே ஷார்ப் விகிதம். திட்ட விலக்கம் உங்கள் புள்ளியியல் பாடத்தில் வருவதுதான். எண்கள் சராசரியை விட்டு எவ்வளவு விலகி அலைகின்றன என்பதன் அளவு. மாத வட்டியை அரை சதவீதம் என்று கொண்டால், நம் முதல் வணிகரின் விகிதம் சுமார் 4.3, இரண்டாமவருடையது 0.12. ஆனால் இதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். மார்ட்டிங்கேல்காரரின் வரைபடம் கவிழும் நாள்வரை வழவழவென்று இருப்பதால் அவருடைய விகிதமும் உயர்ந்தே தெரியும். நியூயார்க்கில் பெர்னார்ட் மேடாஃப் ஆண்டுக்கணக்கில் ஏற்ற இறக்கமே இல்லாத வருவாயைக் காட்டிவந்தார். 2008 டிசம்பரில் அவர் கைதானபோதுதான் அத்தனையும் கற்பனை என்று தெரிந்தது.

எத்தனை வணிகங்களைக் கொண்டு இந்த எண்கள் கணக்கிடப்பட்டன என்பதும் முக்கியம். 30 வணிகங்களில் 60 சதவீத வெற்றி என்றால் 18 வெற்றிகள். நாணயத்தை 30 முறை சுண்டினால் 18-ம் அதற்கு மேலும் தலை விழ நூற்றுக்குப் பதினெட்டு வாய்ப்பு உண்டு. அது திறமைக்குச் சான்று ஆகாது. 900 வணிகங்களில் 60 சதவீதம் என்றால், அது வெறும் தற்செயல் என்று சொல்ல முடியாது. விலைகளின் அசைவை இவ்வாறு தற்செயலின் கணிதத்தால் ஆராயலாம் என்று முதலில் காட்டியவர் பாரிஸ் நகரில் பயின்ற லூயி பஷலியே. அவருடைய ஆய்வேடு 1900-ல் வந்தது. பிரௌனியன் இயக்கம் பற்றிய ஐன்ஸ்டைனின் கட்டுரைக்கு ஐந்து ஆண்டுகள் முந்தியது.

அவர் இலாபமும் உங்கள் நட்டமும்

முன்வணிகர் ஒருவர் 10,000 ரூபாயுடன் தொடங்கி அதை 1,00,000 ஆக்கிவிட்டார். பட்டியலில் ‘900 சதவீதம்’ என்று மின்னுகிறது. அதைக் கண்டு பலர் சேர்ந்து மொத்தம் 50 லட்சம் ரூபாயை அவர் பின்னால் கட்டுகிறார்கள். அடுத்த மாதம் அவர் 40 சதவீதம் இழக்கிறார். அவர் கணக்கில் 60,000 ரூபாய் இருக்கிறது. பட்டியலில் இன்னமும் ‘500 சதவீதம் இலாபம்’! பின்தொடர்ந்தவர்களோ 20 லட்சத்தைத் தொலைத்துவிட்டார்கள். இரண்டும் உண்மைதான், எதிலும் பொய் இல்லை. ஆகவே முன்வணிகர் ஈட்டியது எவ்வளவு என்பதைவிட, அவரைப் பின்தொடர்ந்தோர் எல்லோரும் சேர்ந்து ஈட்டியது எவ்வளவு என்ற எண்ணைத் தேடிப் பாருங்கள். சில நிறுவனங்கள் அதையும் வெளியிடுகின்றன. அவர் தம் சொந்தப் பணம் எவ்வளவு போட்டிருக்கிறார் என்பதையும் கூடவே பாருங்கள். பத்தாயிரம் ரூபாய்க்காரருக்கு இழப்பதற்கு அதிகம் இல்லை. உங்கள் இலாபத்தில் ஒரு பங்கு அவருக்குக் கூலியாகப் போகும், உங்கள் நட்டத்தில் அவருக்குப் பங்கே கிடையாது.

இந்தியாவில் வரியும் உண்டு. 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ நாணயங்களை விற்றுக் கிடைக்கும் இலாபத்துக்கு 30 சதவீத வரி. ஒன்றில் வந்த நட்டத்தை மற்றொன்றின் இலாபத்தில் கழிக்க முடியாது. ஆண்டில் சில விற்பனைகளில் ஒரு லட்சம் இலாபம், சிலவற்றில் 80,000 நட்டம் என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் கையில் வந்தது 20,000. வரியோ ஒரு லட்சத்துக்கு 30,000. வென்றவருக்கும் பத்தாயிரம் துண்டு விழுகிறது! அடிக்கடி வாங்கி விற்கும் முன்வணிகரைப் பின்தொடர்பவருக்கு இந்தக் கணக்கு மிகவும் உறைக்கும். செயலியின் பட்டியலில் இது எந்த மூலையிலும் இராது.

நன்றாக வணிகம் செய்பவர்கள் எவ்வளவு பேர்தான் இருப்பார்கள் என்று கேட்கத் தோன்றும். ‘எஃப் அண்ட் ஓ’ எனப்படும் பங்குச் சந்தை முன்பேர வணிகம் பற்றி செபி 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதத்தினர் நட்டமடைந்தார்கள். மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அது ஒழுங்குமுறைக்கு உட்பட்ட சந்தை. மிஞ்சிய 7 சதவீதத்தினரைக் கொண்டே, அவர்களில் எத்தனை பேர் திறமைசாலிகள், எத்தனை பேர் திடலில் நின்ற மாணவர்கள் என்று பிரிக்காமலே, எவ்வளவு நீண்ட பட்டியலையும் நிரப்பிவிடலாம்.

ஒரு காசும் செலவில்லாமல் இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இன்றைய பட்டியலில் முதல் இருபது பெயர்களையும், அவர்களின் வெற்றி வீதம், பெரும இறக்கம், பின்தொடர்வோரின் நிகர இலாபம் ஆகியவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் கால் நூற்றாண்டு நம் ஊரில் நாள்தோறும் நடந்ததைக் குறித்து வைத்தாரே, அதுபோல வாரம் ஒரு முறையாவது அந்த இருபது பேரின் கணக்கையும் குறியுங்கள். பட்டியலிலிருந்து மறைந்துபோனவர்களை அடித்துவிடாதீர்கள். அவர்களின் கடைசி எண்ணை அப்படியே விட்டுவையுங்கள். ஆறு மாதம் கழித்து இருபது பேருக்கும் சேர்த்துச் சராசரி போடுங்கள்.