மேடில்லாத ஊரில் முழங்கால் ஏன் நோகிறது?

குருக்கள்மடத்தில் சைக்கிள் ஏற ஒரு மேடும் கிடையாது. படகுப்பாதையில் சைக்கிளை ஏற்றி அம்பிளாந்துறையில் இறங்கினாலும் படுவான்கரை வயல்வெளி ஒரே மட்டம்தான். பிறகு ஏன் முழங்கால் நோகிறது?

பெரும்பாலும் சீற்தான் காரணம். இரண்டு காலையும் தரையில் ஊன்ற வசதியென்று அதைப் பதித்து வைக்கிறோம். சீற் தாழ்ந்தால் முழங்கால் கூடுதலாக மடங்கும். அந்த நிலையில் உழக்கும்போது தொடைத் தசை முழங்கால் சிரட்டையைத் தொடையெலும்பின் மேல் இறுக்கி அழுத்துகிறது. நிமிடத்துக்கு 60 சுற்று என்றாலே மணிக்கு 3,600 தடவை. கரியரில் மூட்டையும் எதிரே கச்சான் காற்றும் சேர்ந்தால் மேடு தானாக வந்துவிடும். 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் பழைய சைக்கிளைத் தூசு தட்டி எடுத்தவர்களுக்கு இன்னொரு சுமை: பழகாத காலுக்குத் திடீர்த் தூரம்.

சீற்றில் இருந்தபடி, கீழே நிற்கும் பெடலில் குதிக்காலை வையுங்கள். கால் நேராக நீண்டால் உயரம் சரி. முன்பாதத்தால் உழக்கும்போது வேண்டிய சிறு மடிப்பு, 25 முதல் 35 பாகை, தானே கிடைக்கும். சிரட்டைப் பக்கம் நொந்தால் சீற்றைச் சற்று உயர்த்துங்கள். பின்பக்கம் நொந்தால் தாழ்த்துங்கள். எண்ணெய் தேய்ப்பது இதம்தான், ஆனால் அது சீற்றை உயர்த்தாது.

ஓட்டத்தைக் குறைத்தும் இரண்டு மூன்று வாரத்தில் ஆறாவிட்டால் களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலையில் காட்டுங்கள். வீக்கம் வந்தாலோ, மூட்டு பூட்டிக்கொண்டாலோ, நடக்கையில் கால் மடங்கினாலோ அவ்வளவு காத்திருக்க வேண்டாம். விழுந்தபின் கால் ஊன்ற முடியாவிட்டாலோ, மூட்டு சிவந்து சூடாகிக் காய்ச்சலும் அடித்தாலோ அன்றைக்கே போக வேண்டும். மூட்டுக்குள் கிருமி புகுந்திருந்தால் குருத்தெலும்பு சில நாட்களிலேயே சிதைந்துவிடும்.