தத்துக்கு முன் ஒரு பாலர் பள்ளி

தெருக்குட்டியை வீட்டு நாயாக்க மிகச் சில வாரங்களே உண்டு. புனேயின் வளர்ப்பு வீடுகளில் அந்த அவகாசத்தோடு ஒரு பந்தயம்

மழை ஓய்ந்து குளிர் எட்டிப் பார்க்கும் மாதங்களில் புனேயின் கட்டிட மனைகளிலும் வண்டி நிறுத்துமிடங்களிலும் நாய்க்குட்டிகள் கண் திறக்கின்றன. தாய் லாரியில் அடிபட்டிருக்கும். யாரோ ஒருவர் மனசு கேட்காமல் குட்டிகளை அட்டைப்பெட்டியில் போட்டு எடுத்து வருவார். பால் கொடுத்து, புகைப்படம் எடுத்து, கேட்பவரிடம் கொடுத்துவிட்டால் கதை சுபம்தானே?

இல்லை. இப்படி அவசரமாகப் போன குட்டிகளில் சில ஏழெட்டு மாதத்தில் திரும்பி வருகின்றன. விருந்தாளியைக் கண்டால் கட்டிலுக்கடியில் பதுங்குகிறது, குழந்தை தொட்டால் உறுமுகிறது என்று காரணம் சொல்லப்படும். அதற்குள் குட்டியின் அழகும் போயிருக்கும். வேறு வீடு கிடைப்பது அரிது. தெருவில் விட்டாலோ, அதற்குத் தெருவும் தெரியாது.

தெரு எவ்வளவு கொடியது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. மேற்கு வங்கத்தில் 364 தெருக்குட்டிகளைக் கண்காணித்த கொல்கத்தா ஐசர் விஞ்ஞானிகள், சுமார் ஏழு மாதம் வரை பிழைத்தவை 19 சதவீதமே என்று 2016இல் அறிவித்தனர். சாவுகளில் 63 சதவீதத்தில் மனிதர்களின் பங்கு இருந்தது.

பிழைத்த குட்டிக்கு அடுத்த எதிரி, காலண்டர். மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டாவது வாரம் வரை பார்ப்பது, கேட்பது, முகர்வது எல்லாம் குட்டியின் மனதில் 'இது நம் உலகம்' என்று பதிகிறது. அமெரிக்க விஞ்ஞானிகள் ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் 1965இல் வெளியிட்ட நூல் இதை நிலைநாட்டியது. 1961இல் வெளியான ஒரு பரிசோதனையில், 14 வாரம் மனிதத் தொடர்பே இல்லாமல் வளர்ந்த குட்டிகள் பிறகு மனிதரை அண்டவே அஞ்சின.

சிக்கல் என்னவென்றால், இதே வாரங்களில்தான் பார்வோ வைரஸும் காத்திருக்கிறது. மண்ணில் மாதக்கணக்கில் தங்கக்கூடிய இந்தக் கிருமி, ரத்தபேதியில் குட்டியைக் கொன்றுவிடும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி ஆரம்பத் தடுப்பூசிகளை முறியடித்துவிடலாம். எனவே ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, 16 வாரம் வரை விட்டு விட்டு ஊசி போட வேண்டும். எல்லா ஊசியும் முடியட்டும் என்று அறையில் பூட்டி வைத்தால், குட்டி உயிரோடு இருக்கும்; ஆனால் பயந்தாங்கொள்ளியாக.

இந்த இரண்டுக்கும் நடுவே வழி கண்டுபிடிப்பதுதான் வளர்ப்பு வீட்டின் வேலை. புனேயில் நேஹா பஞ்சமியா 2007இல் தொடங்கிய 'ரெஸ்க்யூ' அறக்கட்டளை போன்ற அமைப்புகள் அடிபட்ட தெருப் பிராணிகளுக்குச் சிகிச்சை தருகின்றன. ஆனால் எந்தக் காப்பகத்திலும் கூட்டம் என்றால் தொற்று. ஒரு வீட்டு பால்கனியும் பொறுமையுள்ள குடும்பமும் கிடைத்தால் குட்டிக்குப் பாதுகாப்பு அதிகம்.

பாடத்திட்டம் எளிமையானது. குட்டியைத் தரையில் இறக்காமல் கையில் ஏந்தியபடி தெருமுனைவரை போய் ஸ்கூட்டர்களையும் ஆட்டோக்களையும் காட்ட வேண்டும். ஹெல்மெட் போட்டவர், மழைக்கோட்டு அணிந்தவர், தடியூன்றும் தாத்தா, பள்ளிப் பிள்ளைகள் எல்லோர் கையாலும் ஒரு வாய் தின்ன வேண்டும். குக்கர் விசில், மிக்சி இரைச்சல் பழக வேண்டும். கணேஷ் உற்சவத்தின் தோல்-தாஷா முழக்கத்தைக் கைபேசியில் மெல்லிய ஒலியில் ஆரம்பித்து, குட்டி சாப்பிடும்போது சிறிது சிறிதாகக் கூட்டலாம். காது, பாதம், வாய் தொட்டுப் பழக்கினால் பின்னாளில் டாக்டர் பிழைத்தார். தினமும் சில நிமிடம் தனிமையும் பாடமே. எதிலும் பலவந்தம் கூடாது; பின்வாங்கினால் விட்டுவிட வேண்டும்.

உடன்பிறப்புகளை உடனே பிரிப்பதும் தவறு. பலமாகக் கடித்தால் விளையாட்டு நின்றுவிடும் என்பதை ஒரு குட்டி இன்னொரு குட்டியிடமே நன்றாகக் கற்கிறது. எட்டு வாரத்துக்கு முன் தத்துக் கொடுக்காமலிருப்பது நல்லது. கொடுக்கும்போது ஊசி அட்டையும், வயது வந்ததும் கருத்தடை செய்வதாக ஒரு வாக்குறுதியும், பழைய படுக்கைத் துணியில் ஒரு துண்டும் கூடவே போக வேண்டும். பழகிய வாசனை முதல் இரவைக் கடக்க உதவும்.

நன்றாகப் பழகிய குட்டி புது வீட்டில் சீக்கிரமே வாலாட்டிவிடும். காலியான பால்கனியைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொள்பவர், வளர்த்தவர்தான். அடுத்த அட்டைப்பெட்டி வரும்வரை.